வில்லைக் கூப்பிட்டுவிட்டுக் கதையை வாசலில் நிறுத்தலாமா?

நம்ம ஊர்ப் பக்கத்து சபாக்களிலும் மனமகிழ் மன்றங்களிலும் ஆண்டு விழா என்றால், பாட்டுக் கச்சேரிக்கும் பட்டிமன்றத்துக்கும் நடுவே ஒரு வில்லுப்பாட்டுக்கும் இப்போது இடம் ஒதுக்குகிறார்கள். கோவில் கொடைக்கு மட்டும் உரியது என்று தள்ளி வைத்திருந்த ஒன்றை, மின்விசிறியும் மெத்தை நாற்காலியும் உள்ள அரங்குக்குள் அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறார்கள். சந்தோஷமான காரியம். வீடு வீடாக ஏறி இறங்கி நன்கொடை வாங்கி, அரங்கத்துக்கு வாடகை கட்டி, இதையெல்லாம் நடத்துகிற செயலாளர்களை நான் மனதார மெச்சுகிறேன்.

ஆனாலும் ஒரு மனக்குறை உண்டு. அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். பாட்டுக் கச்சேரி என்றால் வாய்ப்பாட்டு யார், வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று நாலு வரி இருக்கும். பட்டிமன்றம் என்றால் தலைப்பு கொட்டை எழுத்தில் இருக்கும். வில்லுப்பாட்டுக்கு மட்டும் 'மாலை 5.30 – வில்லிசை' என்று ஒற்றை வரி. என்ன கதை? அது இருக்காது. கதையின் பெயர் இல்லாத வில்லுப்பாட்டு அழைப்பிதழ், மாப்பிள்ளை பெயர் போடாத கல்யாணக் கடிதம் மாதிரி.

பெயரே மாறிவிட்டதைக் கவனித்தீர்களா? கோவிலில் அது 'வில்லுப்பாட்டு'. நம் வீட்டுப் பெரியவர்கள் 'வில்லடி' என்பார்கள். அரங்கத்துக்குள் வந்ததும் 'வில்லிசை' ஆகிவிடுகிறது. பெயர் மாறுவதில் எனக்கு வருத்தமில்லை. 'பாட்டு' போய் 'இசை' வரும்போது கதையும் கூடவே போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

நம் வயதுக்காரர்களுக்கு நான் வில்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வைக்கோல் பிரிமணையில் குடத்தை வைத்து, அதன் மேல் மணிகள் கட்டிய நீண்ட வில்லை இருத்திக் கட்டியிருப்பார்கள். நடுவில் இருக்கும் புலவர் இரண்டு கையிலும் வீசுகோல் பிடித்து நாணில் அடித்துக் கதையைப் பாடுவார். குடக்காரர் குடத்தின் வாயில் பத்தியால் தட்டுவார். உடுக்கு, தாளம், கட்டை எல்லாம் சேர்ந்துகொள்ளும். வலத்தே ஒருவர், இடத்தே ஒருவர் என்று பின்பாட்டு இருக்கும். புலவர் ஒரு வரி விட்டால் அதை வாங்கிப் பாடுவதும், 'ஆமா' போடுவதும், 'பிறகு என்ன ஆச்சு?' என்று கேட்டுக் கதையை நகர்த்துவதும் அவர்கள் வேலை.

பாட்டுக்கு ஒரு வரிசையும் உண்டு. முதலில் காப்பு. அடுத்து இன்ன கதை பாடப்போகிறோம் என்று வருபொருள் உரைப்பார்கள். குருவைப் பாடுவார்கள், அவையடக்கம் சொல்வார்கள், நாட்டு வளம் பாடுவார்கள். அதற்குப் பிறகுதான் கதை. கடைசியில் வாழி. வருபொருள் உரைத்தல் என்று ஒரு தனி உறுப்பே வைத்திருக்கிறார்கள் பாருங்கள். என்ன கதை என்று கேட்பவனுக்குச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பது அந்தக் கலையின் சட்டம். நம் அழைப்பிதழ் அச்சடிக்கிறவருக்கு அது தெரியவில்லை.

கும்பப்பூ அறுப்பு முடிந்து, நெல் வீட்டுக்கு வந்து, கையில் நாலு காசு புழங்கும் பங்குனி, சித்திரையில் நாஞ்சில் நாட்டில் கொடைகள் தொடங்கிவிடும். பெரும்பாலும் செவ்வாயையோ வெள்ளியையோ ஒட்டி வரும். குடியழைப்பில் ஆரம்பித்து அடுத்த நாள் மதியம், ராத்திரி என்று வில்லு நடக்கும். எந்தச் சாமிக்குக் கொடையோ அந்தச் சாமியின் கதையைப் பாட வேண்டும். அந்தச் சாமி பிறந்த விதத்தையும், பெரும்பாலான கதைகளில் செத்த விதத்தையும் பாட வேண்டும். சாவு வரும் இடத்தில்தான் வில்லின் வேகம் கூடும், மேளம் சேரும், பெண்கள் குரவையிடுவார்கள், கோமரத்தாடி இறங்குவார்.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் நம் பகுதிக்கு வந்து தங்கி, கொடை கொடையாகப் போய் உட்கார்ந்து கேட்டு ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 1988இல் வெளிவந்தது. 'பிறப்பையும் இறப்பையும் பாடுதல்' என்று அதன் தலைப்புக்குப் பொருள். எங்கிருந்தோ வந்தவருக்கு இந்தக் கலையின் மையம் எது என்று பிடிபட்டுவிட்டது. தலைப்பிலேயே வைத்துவிட்டார்.

அந்தச் சாவுகள் யாருடையவை என்று யோசித்துப் பாருங்கள். கட்டிலில் படுத்துப் பேரன் பேத்தி சூழக் கண்ணை மூடியவர்களுக்கு வில்லுப்பாட்டு கிடையாது. வெட்டுப்பட்டவர்கள், நம்ப வைத்துக் கொல்லப்பட்டவர்கள், சாதி தாண்டியதால் தனித்து நின்றவர்கள், கூட இருந்தவர்களே கைவிட்டுவிட்டுப் போனவர்கள், இவர்களுக்குத்தான் பாட்டு.

நாகர்கோவிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது கணியாகுளம். இன்றைக்கு அந்த வழியாக பஸ்ஸில் போகிற எத்தனை பேருக்கு அங்கே என்ன நடந்தது என்று தெரியும்? 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் மதுரைப் படை வேணாட்டின் மேல் வந்தபோது எதிர்த்து நின்று செத்த இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை அந்த மண்ணில்தான் முடிகிறது. வீட்டுப் பெண்கள் கெட்ட கனவு கண்டு, போகாதே என்று அழுது தடுப்பதும், அவன் மீறிப் போவதும் அந்தக் கதைப்பாடலில் வரும். பாடத் தெரிந்தவர் பாடினால் கல்லும் கரையும்.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தணர் குடியில் பிறந்தவன் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சக்கிலியப் பெண்களைக் கட்டுவதற்காகக் குடுமியையும் பூணூலையும் விட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, மாமனார் வாலப்பகடைக்கு மருமகனாகிறான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் தீயில் விழுகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே மலைக்குள் சொரிமுத்தையனார் கோவிலில் இன்றைக்கும் அவனுக்கு நடக்கும் பூசையில் செருப்புக்கு இடமுண்டு. இந்தக் கதையைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். அந்தப் பெண்கள் உண்மையில் அந்தணர் வீட்டில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள் என்று பிற்காலத்தில் யாரோ கதையைத் திருத்திவிட்டார்கள் என்பதுதான் அது. அப்படித் திருத்திவிட்டால் சாதி மீறல் என்ற முள் மழுங்கிவிடும் அல்லவா? ஆகக் கதையில் கைவைக்கிறவர்கள் எந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் கைவைக்கும் இடமும் எப்போதும் ஒன்றுதான், எங்கே நமக்கு உறுத்துகிறதோ அந்த இடம்.

ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலில் இசக்கியம்மன் கோவில் முன்னால் லாரிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போவதைப் பார்க்கிறோம். அவள் கதை, நகைக்காக ஒரு பெண்ணைக் கள்ளிச்செடி மட்டும் சாட்சியாக நிற்கக் கொன்ற கதையோடு பின்னிக் கிடக்கிறது. போலீஸும் கோர்ட்டும் இல்லாத காலத்தில் நடந்த கொலைகளுக்கு நம் முன்னோர்கள் எழுதி வைத்த முதல் தகவல் அறிக்கை என்று இந்தக் கதைகளைச் சொல்வேன். யார் செத்தார், யார் கொன்றார், யார் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, ஊர் கூடி உட்கார்ந்து, அதைச் சத்தமாக வாசித்துக் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு செய்து வைத்தார்கள்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அரங்கத்துக்குள் வருவோம். ஒரு மன்றத்தின் ஆண்டு விழாவில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். குழுவுக்குக் கொடுத்த நேரம் 45 நிமிடம். காப்பு பாடினார்கள். தலைவர், செயலாளர், நன்கொடையாளர் பெயர்களைப் பாட்டிலே சேர்த்து வாழ்த்தச் சொல்லியிருந்தார்கள், வாழ்த்தினார்கள். பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றிக் கொஞ்சம், மாமியார் மருமகள் நகைச்சுவை கொஞ்சம். கதைக்கு வந்தபோது கால்மணி நேரம்தான் மிச்சம். புலவர் நல்ல கைக்காரர். அதற்குள்ளேயே கதையை வளர்த்து, ஆளைக் காட்டுக்குள் தனியாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். உடுக்கு மாறியது. எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மேடையோரமாக ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். புலவர் பார்த்தார். அடுத்த வரியில் வாழி பாடி முடித்துவிட்டார்.

கைதட்டினோம். பொன்னாடை போர்த்தினார்கள். திரை விழுந்தது. காட்டுக்குள் நின்ற அந்த ஆள் என்ன ஆனான்? அவன் இன்னும் அங்கேதான் நிற்கிறான். எத்தனையோ தலைமுறையாக ஒவ்வொரு கொடையிலும் செத்து, சாமியாகி, பூடத்தில் ஏறியவனுக்கு அன்றைக்குச் சாவும் இல்லை, சாமி ஆவதும் இல்லை.

இதற்கு மேடையைக் குறை சொல்ல முடியாது. வில்லு மேடையேறியது இன்று நேற்றல்ல. நம் ஒழுகினசேரிக்காரர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டில் தொடங்கியவர்தான். அவர் காந்தி மகான் கதையை வில்லில் பாடியபோது கேட்டவர்கள் ஒரு முழுக் கதையைக் கேட்டார்கள். அவர் கைபிடித்துச் சென்னைக்குக் கூட்டிப்போன சுப்பு ஆறுமுகம், திருநெல்வேலிப் பக்கம் சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்தவர், வாழ்நாள் முழுக்க வில்லோடு சபாக்களிலும் வானொலியிலும் பாடினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார், அடுத்த ஆண்டு மறைந்தார். அவர்கள் புதுக் கதை பாடினார்கள், புது மெட்டுப் போட்டார்கள், சிரிக்க வைத்தார்கள். ஆனால் எடுத்த கதையை முடித்தார்கள். 1984இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நம் நாகர்கோவிலில் தொடங்கியபோது நமக்கெல்லாம் பெருமையாக இருந்தது. வானொலி என்றால் நேரம் அளந்துதான் கிடைக்கும். அந்த நேரத்துக்கு ஏற்ற கதையை எடுத்துப் பாடினால் அதற்குள் முடித்துவிடலாம். குறை நேரத்தில் இல்லை, தேர்வில்தான் இருக்கிறது.

இதைச் சொன்னால் இரண்டு பதில்கள் வரும் என்று எனக்குத் தெரியும். முதல் பதில்: "கதை கோவிலில் இருக்கட்டும் சார், அரங்கத்தில் ஒரு சாம்பிள் போதும்."

கோவிலில் இருந்தால் சரிதான், இருக்கிறதா? எத்தனை கொடைகளில் இப்போது வில்லுக்காரருக்கு முழு ராத்திரி கிடைக்கிறது? ஒரு பக்கம் சிங்காரி மேளம், ஒரு பக்கம் இன்னிசைக் கச்சேரி, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. நடுவிலே கிடைக்கிற இடைவெளியில் வில்லு. கோவில் கமிட்டிக்காரர்கள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவதையும் பார்த்திருக்கிறேன். கோவிலில் குறைந்துகொண்டு வரும்போது, அரங்கமும் சாம்பிள் மட்டும்தான் கேட்பேன் என்றால், முழுக் கதையைப் பாடும் பழக்கம் புலவருக்கு எப்படி இருக்கும்? கதை ஏட்டில் இருக்கலாம், நோட்டுப் புத்தகத்தில் இருக்கலாம். ஆனால் முழுக் கதையை மூச்சுப் பிடித்துப் பாடி, எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்ற கணக்கு பாடிப் பாடித்தான் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோவிலில் இருப்பது எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. நம் கோவில்கள் குடும்பத்துக்கும் சாதிக்கும் உரியவை. ஒரு குடும்பக் கோவில் கொடையில் அடுத்த தெருக்காரன் எங்கே உட்காரலாம், உட்காரலாமா கூடாதா என்பதற்கெல்லாம் எழுதாத சட்டங்கள் இருந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அரங்கத்தில் அந்தத் தொல்லை இல்லை. யாரும் எந்த நாற்காலியிலும் உட்காரலாம். முத்துப்பட்டன் கதையை எல்லாச் சாதிக்காரனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வாய்ப்புள்ள இடம் அரங்கம்தான். அந்த வாய்ப்பைப் பிளாஸ்டிக் ஒழிப்புக்கும் மாமியார் ஜோக்குக்கும் செலவழிக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம். பிளாஸ்டிக்கை ஒழிக்க வேண்டியதுதான், அதற்கு நகராட்சி இருக்கிறது.

இரண்டாவது பதில்: "இந்தக் காலத்தில் மூணு மணி நேரம் யார் உட்காருவார்?"

நியாயமான கேள்வி. நேரத்தைச் சுருக்குவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. கர்நாடகக் கச்சேரியும் இன்றிருக்கிற மாதிரி எப்போதும் இருந்ததில்லை. பல்லவியை மணிக்கணக்கில் பாடிக்கொண்டிருந்த காலத்தில், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்தான் வர்ணம், கீர்த்தனைகள், அளவான ஆலாபனை, கடைசியில் துக்கடாக்கள் என்று ஒரு பத்ததி கொண்டுவந்தார். ஆனால் அவர் ராகத்தை வாசலில் நிறுத்திவிட்டு வரவில்லை. எதைக் குறைக்கலாம், எதில் கைவைக்கக் கூடாது என்று தெரிந்து குறைத்தார்.

நமக்கு இன்னும் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாமும் திருவிதாங்கூர்க்காரர்கள்தானே. கதகளி நம்மில் பலருக்குப் பழக்கம். அங்கே எர்ணாகுளம், திருச்சூர், திருப்பூணித்துறை என்று ஊர்களில் கதகளி கிளப்புகள் இருக்கின்றன. உறுப்பினர்கள் சந்தா கட்டி ஆட்டத்தைத் தொடர்ந்து நடத்துகிறார்கள். கோவிலில் விடிய விடிய ஆடுவதை அங்கே மூன்று நான்கு மணி நேரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். எப்படி? கதையை அரைத்து விழுதாக்கவில்லை. உண்ணாயி வாரியரின் நளசரிதம் நான்கு நாள் ஆட்டமாக எழுதப்பட்டது. 'நளசரிதம் இரண்டாம் நாள்' என்று நோட்டீஸிலேயே போட்டு, அந்த ஒரு பகுதியை ஒழுங்காக ஆடுவார்கள். நளன் யார், தமயந்தி யார், பாட்டு யார், செண்டை யார், மத்தளம் யார் என்று எல்லாப் பெயரும் இருக்கும். வருகிறவன் என்ன பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து வருகிறான். அதனால் உட்காருகிறான்.

சத்தீஸ்கரில் தீஜன் பாய் அம்மா கையில் தம்புராவைப் பிடித்துக்கொண்டு பண்டவானி பாடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மகாபாரதம் முழுவதையும் ஒரு மேடையில் பாட யாராலும் முடியாது. துச்சாதன வதம் என்றால் துச்சாதன வதம், அதை எடுத்து முழுதாகப் பாடுவார். வெளிநாட்டு மேடைகளிலும் அப்படித்தான். 2019இல் பத்மவிபூஷண் கொடுத்தார்கள். மொழி தெரியாத ஊரிலும் ஜனங்கள் உட்கார்ந்து கேட்டார்கள் என்றால், நம் மொழியில், நம் ஊர்க் கதையைக் கேட்க நமக்கு என்ன கேடு?

அந்த அம்மாவைப் பற்றிப் பேசும்போது நம் பூங்கனி அம்மாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெண்கள் வில்லடிக்க வருவது அபூர்வமாக இருந்த காலத்தில் சிறு வயதிலேயே வீசுகோல் பிடித்து, கொடை கொடையாகப் பல பத்தாண்டுகள் பாடியவர். கொட்டாரத்தில் வறுமையோடு கடைசிக் காலத்தைக் கழித்து, 2018 நவம்பரில் மறைந்தார். செய்தித்தாள்கள் எழுதின, எல்லோரும் வருத்தப்பட்டோம். அவருக்குப் பாடமாக இருந்த கதைகளில் எத்தனையை எத்தனை அரங்கங்கள் கடைசி வரைக்கும் பாட விட்டிருக்கும்? கலைஞரை மதிப்பது என்றால் பொன்னாடையும் கேடயமும் மட்டும்தானா? அவருக்குத் தெரிந்ததை முழுதாகச் செய்ய விடுவதுதான் முதல் மரியாதை.

சபா நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு ஒரே ஒரு மாலை போதும். அன்றைக்கு வேறு நிகழ்ச்சி வேண்டாம். இன்ன கதை என்று அழைப்பிதழில் போடுங்கள். இரவிக்குட்டிப் பிள்ளை கதையா, முத்துப்பட்டனா, இசக்கியா என்பதைப் புலவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். மூன்று மணி நேரம் கொடுங்கள். அதற்குள் அடங்காத கதை என்றால் எந்தப் பகுதி என்பதையும் அவரே சொல்லட்டும். குடம், உடுக்கு, தாளம், பின்பாட்டு என்று உட்காருகிற எல்லார் பெயரும் வரட்டும். பாட்டுக் கச்சேரிக்கு வருகிற வித்வானுக்கு எந்த அறை, என்ன சாப்பாடு, என்ன சன்மானமோ, அதே அறையும் சாப்பாடும் சன்மானமும் இவர்களுக்கும் வேண்டும். மேடைக்கு முன்னால் நாலு பாய் விரித்துப் போட்டால் பிள்ளைகள் உட்காருவார்கள். ஒளிப்பதிவு செய்தால் ஒரு பிரதியைக் குழுவுக்குக் கொடுங்கள். சாமி ஆட வேண்டும் என்று கேட்கவில்லை, அது கோவிலில் நடக்கட்டும். கதை முடிய வேண்டும் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

கொடைக் கமிட்டியில் இருக்கிற நண்பர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். சிங்காரி மேளத்துக்குக் கொடுக்கிற நேரத்தில் ஒரு மணி நேரத்தை எடுத்து வில்லுக்குக் கொடுங்கள். சாமிக்கும் தன் கதையைத் தானே கேட்கப் பிடிக்கும்?

நம்மால் ஆகக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள், நேரம் நிறைய உள்ளவர்கள், பெரும்பாலும் ஏதாவது ஒரு மன்றத்தில் ஆயுள் சந்தா கட்டியவர்கள். அடுத்த அழைப்பிதழ் வீட்டுக்கு வரும்போது வில்லுப்பாட்டு என்று போட்டிருக்கும் வரியைத் தேடிப் பாருங்கள். பக்கத்தில் கதையின் பெயர் இல்லை என்றால், அதிலேயே செயலாளரின் தொலைபேசி எண் இருக்கும். கூப்பிட்டு, "தம்பி, என்ன கதை பாடுறாங்க?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் போதும், அடுத்த ஆண்டு அச்சில் வந்துவிடும்.